மாட் பண்ண எக்ஸ்பாக்ஸ் கிளம்பலையா? போர்டைத் தூக்கிப் போட்டுடாதீங்க சாமி!

இன்னிக்குக் கொஞ்சம் கோவமா இருக்கேன், கொட்டிடறேன்.

பழைய கேம் பொட்டி கிளம்பலைன்னு யாராவது வாயைத் திறந்தா, சுத்தி இருக்கிறவங்க உடனே ரெண்டு தீர்ப்பு சொல்லுவாங்க. முதல் தீர்ப்பு: "மாட் பண்ணுனியா? அப்ப அதான் காரணம்." ரெண்டாவது: "விட்றா, சல்லிசா இன்னொரு பொட்டி வாங்கி இந்த டிஸ்க்கை அதுல மாட்டிக்க." முதல் தீர்ப்பு சோம்பேறித்தனம், போனாப் போகுது. ஆனா ரெண்டாவது இருக்கே, அது ஆளையே கவுத்துடும். அதைப் பத்தித்தான் இந்தப் பதிவு.

நான் பேசுறது 2001 நவம்பர் 15-ல அமெரிக்காவுல வந்த முதல் எக்ஸ்பாக்ஸ் பத்தி. கறுப்பா, கனமா, மேல பெருசா ஒரு எக்ஸ் போட்டிருக்குமே, அதே தான். உள்ள பார்த்தா அது ஒரு கம்ப்யூட்டர்ங்க. பென்டியம் 3 வகையில 733 மெகாஹெர்ட்ஸ் சிபியு, 64 எம்பி மெமரி, எட்டு ஜிபி ஹார்ட் டிஸ்க். கம்ப்யூட்டர்னு தெரிஞ்சதும் நம்மாளுங்க சும்மா இருப்பாங்களா? 2002-ல எம்ஐடி-ல படிச்சிட்டிருந்த ஆண்ட்ரூ ஹுவாங் (பன்னின்னு சொன்னா எல்லாருக்கும் தெரியும், நம்ம ஊரு பன்னி இல்லைங்க) போர்டுல ஓடுற தகவலை ஒட்டுக்கேட்டு ரகசியச் சாவியையே எடுத்துட்டாரு. 2003-ல அதைப் புத்தகமாவும் போட்டாரு. 2013-ல அதையே இலவசமாக் கொடுத்துட்டாரு. அப்புறம் பச்சைப் பலகையில குட்டி சிப்பை ஒட்டுறது, ஜேம்ஸ் பாண்ட் கேம், மெக்அசால்ட், ஸ்ப்ளின்டர் செல் சேவ் ஃபைலை வச்சே சிப் இல்லாம உள்ள நுழையறதுன்னு கல்யாணக் களைதான். இன்னிக்கு டிவியில கோடின்னு ஒண்ணு போட்டுப் படம் பாக்குறீங்களே, அது எக்ஸ்பிஎம்சிங்கிற பேர்ல இந்தப் பொட்டிக்குள்ள பொறந்ததுதான். 2014-ல தான் கோடின்னு பேர் மாத்துனாங்க.

இந்த எக்ஸ்பிஎம்சினால தான் சிக்கலே. கேம் ஆடுறதுக்குன்னு வாங்கின பொட்டி, வீட்டோட போட்டோ ஆல்பமா, பாட்டுப் பொட்டியா, வீடியோ அலமாரியா மாறிடுச்சு. கேம் போனா திரும்ப வாங்கிக்கலாம். மத்தது?

இங்க நியூ ஜெர்சியில எங்க அபார்ட்மென்ட்ல ஒரு அண்ணன் இருக்கார், திருநெல்வேலிக்காரர். போன மாசம் ஒரு அட்டைப் பொட்டியைத் தூக்கிட்டு வந்தார். உள்ள ஒரு பழைய எக்ஸ்பாக்ஸ். கராஜ்ல பத்துப் பன்னெண்டு வருசமாக் கிடந்திருக்கு. பட்டனை அமுக்குனா ஆன் ஆகும், தானா ஆஃப் ஆகும். திரும்ப ஆன், திரும்ப ஆஃப். மூணாவது தடவை அப்படியே நின்னு, முன்னாடி இருக்கிற வட்ட விளக்கு சிவப்பும் பச்சையுமா மாறி மாறி மினுக்கும். ஒரு ரிப்பேர் கடையில, மாட் பண்ண பொட்டின்னா தொடவே மாட்டோம்னுட்டாங்களாம். இன்னொருத்தர் நான் மேல சொன்ன ரெண்டாவது தீர்ப்பைச் சொல்லியிருக்கார்.

"அண்ணே, கேம் ஆடத்தானே? வேற பொட்டி வாங்கிக்கலாமே"ன்னேன், சும்மா கேட்டுப் பார்ப்போம்னு.

"கேம் கிடக்குது தம்பி. டிஸ்க்குல அப்பா இருக்காங்க"ன்னார்.

2006-ல ஊர்ல அவங்க அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம். அந்த வீடியோவை முழுசா இதுல ஏத்தி வச்சிருக்கார். கேமரா டேப்பை அப்புறம் வேற எதுக்கோ அழிச்சு எழுதிட்டாங்க. அப்பா இப்ப இல்லை. அவர் பேசுறது, சிரிக்கிறதுன்னு மிச்சம் இருக்கிறது அது ஒண்ணுதான்.

இப்ப ரெண்டாவது தீர்ப்பு ஏன் ஆபத்துன்னு சொல்றேன். எக்ஸ்பாக்ஸ்ல போர்டும் டிஸ்க்கும் தாலி கட்டுன ஜோடி. போர்டுல ஈஈப்ராம்னு தம்மாத்தூண்டு சிப் இருக்கு. மொத்தமே 256 பைட்டு, இந்தப் பத்தியை விட சின்னது. பொட்டியோட சீரியல் நம்பர், எந்த ஊருப் பொட்டி, டிஸ்க்கோட சாவி எல்லாம் அதுக்குள்ள. அந்தச் சாவியையும் டிஸ்க்கோட மாடல், சீரியல் நம்பரையும் கலந்து ஒரு கடவுச்சொல் உருவாக்கி, ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும் போர்டு டிஸ்க்கைத் திறக்கும். அந்த டிஸ்க்கை வேற போர்டுல மாட்டுனாத் திறக்காது. கம்ப்யூட்டர்ல மாட்டினாலும் திறக்காது. போர்டைக் குப்பையில போடுறதுங்கிறது, லாக்கரைப் பத்திரமா வீட்ல வச்சுக்கிட்டு சாவியைக் கிணத்துல வீசுற கதை.

சேவ் ஃபைல் வழியா மாட் பண்ண பொட்டிக்கு இது நூத்துக்கு நூறு உண்மை, ஏன்னா அதுல டிஸ்க் பூட்டியே தான் இருந்தாகணும். சிப் வச்ச பொட்டின்னா டிஸ்க் பூட்டியும் இருக்கலாம், திறந்தும் இருக்கலாம். வச்சவர் இஷ்டம். அண்ணனுக்கு யாரு வச்சாங்கன்னே ஞாபகம் இல்லை, "ஒரு சீனாக்காரத் தம்பி"ங்கிற அளவுலதான் விவரம்.

அதனால நான் முதல்ல ரிப்பேர்ல கையே வைக்கலை. போர்டு முழுசா கிளம்பலைன்னாலும் ஈஈப்ராமைப் படிக்கலாம். ஒரு ராஸ்பெர்ரி பை பலகை, மூணு கம்பி, அவ்ளோதான் செலவு. 256 பைட்டையும் எடுத்து மூணு இடத்துல காப்பி போட்டு வச்சேன். இனிமே போர்டு எரிஞ்சே போனாலும் டிஸ்க்கைத் திறந்துக்கலாம். எந்தப் பொட்டி எந்தக் கோளாறோட வந்தாலும் முதல் வேலை இதுதான். சால்டரிங் அயர்னைச் சூடு பண்றதுக்கு முன்னாடியே.

அடுத்தது மினுக்கல். போர்டுல ஒரு காவக்காரச் சிப் உண்டு. சிபியு கிளம்பி சரியான பதில் சொல்லுதான்னு பார்க்கும், சொல்லலைன்னா ஆஃப் பண்ணித் திரும்ப எழுப்பும். மூணாவது தடவையும் எந்திரிக்கலைன்னா சிவப்பு-பச்சை. அதாவது "மெயின் மென்பொருளே ஓடலை"ங்கிறது மட்டும்தான் இதுக்கு அர்த்தம். சிப் கெட்டதா, மெமரி கெட்டதா, பவரா, கரண்ட் வழித்தடம் அரிச்சுப் போச்சான்னு அது சொல்லாது. டாக்டர்கிட்ட "உடம்பு சரியில்லை"ன்னு சொல்ற மாதிரி.

திறந்து பார்த்தா நான் எதிர்பார்த்த ஆசாமி உள்ள உக்காந்திருந்தார். கடிகார மின்தேக்கி. கரண்ட் இல்லாதப்ப சில மணி நேரம் மணியை ஞாபகம் வச்சுக்கிறதுக்காக ஒரு ஃபாரட் அளவுல சின்ன உருளை வச்சிருப்பாங்க. வயசானா அது ஒழுகும், ஒழுகுறது போர்டுல இருக்கிற தாமிரக் கோட்டை எல்லாம் அரிக்கும். 1.0-ல இருந்து 1.5 வரைக்கும் எல்லா ரகத்துலயும் இந்த வியாதி உண்டு. நல்லா ஓடுற பொட்டியா இருந்தாலும் இதைக் கழட்டி எறிஞ்சுடுங்க. கரண்டைப் பிடுங்குனா மணி மறந்துடும், வேற நஷ்டம் ஒண்ணும் இல்லை. 1.6-ல மட்டும் வேற ரக மின்தேக்கி, அதைக் கழட்ட வேணாம். இது மாட் பண்ண பொட்டி, பண்ணாத பொட்டின்னு பாக்குறதே இல்லைங்க, எல்லாத்துலயும் ஒழுகும். ஆனா பழி மட்டும் மாட் மேல.

அண்ணன் பொட்டியில ஒழுகியிருந்துச்சு, ஆனா கோடுங்க தப்பிச்சிருந்துச்சு. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் ஊத்தி பழைய டூத் பிரஷ்ல தேய்ச்சேன். (தங்கமணி: "அது என்னோட பிரஷ்ஷா?" இல்லைம்மா, சத்தியமா இல்லை.) கழுவி, காய வச்சு, போட்டுப் பார்த்தா... அதே சிவப்பு-பச்சை.

அப்புறம் தான் சிப்புக்கு வந்தேன். இந்தச் சிப்புங்க போர்டுல வரிசையா இருக்கிற ஓட்டைங்கள்ல உக்காரும். கூடவே டி-ஜீரோன்னு ஒரு புள்ளிக்கு ஒரு கம்பி போகும். அந்தப் புள்ளியை சிப் தரையோட இணைச்சாத்தான் பொட்டி தன்னோட சொந்த மென்பொருளை விட்டுட்டு சிப்புல இருக்கிறதைப் படிக்கும். சிப்பையும் எடுத்துட்டு, கம்பியையும் தூக்கிட்டா, பொட்டி கடையில வாங்கினப்ப எப்படி இருந்துச்சோ அப்படி சொந்த மென்பொருள்ல கிளம்பப் பார்க்கும். கம்பியை மட்டும் தரையில விட்டுட்டு சிப்பை எடுத்தா, இல்லாத சிப்பைத் தேடிக்கிட்டு திரும்பவும் சிவப்பு-பச்சை தான். இதுல ஏமாந்து "போர்டு செத்துருச்சு"ன்னு முடிவு கட்டுனவங்க நிறைய.

ரெண்டையும் எடுத்தேன். பட்டனை அமுக்குனேன். மினுக்கல் இல்லை. டிவியில எழுத்து வந்துச்சு, பல மொழியில சர்வீசுக்குப் போங்கன்னு. மூலையில சின்னதா ஒரு நம்பர்: 05.

அண்ணன் முகம் செத்துப் போச்சு. நான் கையைத் தட்டுனேன் :-)

ஏன்னு கேளுங்க. திரையில எழுத்து வந்துச்சுன்னா சிபியு, மெமரி, வீடியோ எல்லாம் உசுரோட இருக்கு. அந்த நம்பர்ல 5-ன்னா "டிஸ்க் பூட்டாம இருக்கு, அதனால நான் ஏத்துக்க மாட்டேன்"னு அர்த்தம். 6-ன்னா பூட்டியிருக்கு, திறக்க முடியலை. 7-ன்னா டிஸ்க் பதிலே சொல்லலை, கேபிளைப் பாரு. 8-ன்னா டிஸ்க்கே இல்லை. 16-ன்னா டாஷ்போர்டு அமைப்புல பிரச்சினை, ரொம்ப நாள் கரண்ட் இல்லாம மணி மறந்துபோன பொட்டியில அடிக்கடி பார்க்கலாம். எர்ரர் நம்பரைப் பார்த்து பயப்படுறவங்க அதைப் படிக்கிறது இல்லை. 05 எங்களுக்குச் சொன்ன சேதி என்ன? அப்பா இருக்கிற டிஸ்க்கு பூட்டே இல்லாம திறந்து கிடக்கு!

அந்த டிஸ்க்கை யூஎஸ்பி அடாப்டர்ல மாட்டி லேப்டாப்புல செருகினேன். விண்டோஸ் உடனே ஃபார்மட் பண்ணட்டுமான்னு கேட்கும். வேணாம்னு சொல்லுங்க. எக்ஸ்பாக்ஸோட ஃபேட்எக்ஸ் முறை விண்டோசுக்குப் புரியாது, அதான் காலி டிஸ்க்குன்னு நினைச்சுக்குது. அவசரத்துல ஓகே அமுக்குன கதைங்க நான் கேட்டிருக்கேன், வேணாம் அந்தப் பாவம். ஃபேட்எக்ஸ் படிக்கிற மென்பொருள் தனியா இருக்கு, அதுல திறந்தேன். நாலு வீடியோ ஃபைல். அண்ணன் முதல் ஃபைல்ல பத்து செகண்ட் பார்த்தார், அப்புறம் பால்கனிக்குப் போயிட்டார். நான் காப்பி முடியிற வரைக்கும் கூப்பிடலை.

சிப் ஏன் கிளம்பலைங்கிறது சப்பை மேட்டர். ஓட்டையில உக்காந்திருந்த ஊசிங்க எல்லாம் கறுத்துப் போயிருந்துச்சு. தேய்ச்சு, புதுசா ஈயம் வச்சதும் எக்ஸ்பிஎம்சி வந்துடுச்சு.

நான் மாட் பண்றவங்க பக்கம் தான், அதுல சந்தேகம் வேணாம். ஆனா அவங்க மேலயும் எனக்கு ஒரு குறை உண்டு. பொட்டியைத் திறந்து, சிப்பு வச்சு, டிஸ்க்கு மாத்தி, இவ்ளோ வேலை பண்ணத் தெரிஞ்சவங்களுக்கு, என்ன பண்ணோம்னு ஒரு துண்டுச் சீட்டுல எழுதி மூடிக்குள்ள ஒட்டத் தெரியலையே? எந்த ரகப் போர்டு, என்ன சிப், டிஸ்க் பூட்டா திறப்பா, ஈஈப்ராம் காப்பி எங்க இருக்கு. நாலு வரி. ஏசி மெக்கானிக் கூட கேஸ் நிரப்புன தேதியை ஸ்டிக்கர்ல எழுதிட்டுப் போறாரு. பின்னாடி வந்த சிலபேர் சாவியையே முழுக்க பூஜ்யமா மாத்தி வைக்கிற பழக்கம் கொண்டு வந்தாங்க. யாரு வேணா திறந்துக்கலாம். விளையாட்டு சேவ் மட்டும் இருக்கிற பொட்டிக்கு அதுதான் சரின்னு நான் சொல்வேன். திருட என்ன இருக்கு அதுல?

அண்ணன் பொட்டி மூடிக்குள்ள சீட்டு ஒட்டியாச்சு, தமிழ்லயே எழுதினேன். அவர் பையனுக்குத் தமிழ் படிக்க வராதாம், கீழ இங்கிலீஷ்ல எழுதச் சொல்லிட்டார்.

டிஸ்கி 1: ஸ்க்ரூ டிரைவரைத் தூக்கிட்டுக் கிளம்பிட்டவங்களுக்கு: மேல்மூடிக்கு நட்சத்திரத் தலை ஸ்க்ரூ ஆறு, டி-20 அளவு. ரப்பர் காலுக்கு அடியிலயும் ஸ்டிக்கருக்கு அடியிலயும் ஒளிஞ்சிருக்கும். பவர் சப்ளையில பெரிய மின்தேக்கி இருக்கு, கரண்டைப் பிடுங்கின பிறகும் கொஞ்ச நேரம் கடிக்கும். கரண்ட் செருகுற சாக்கெட்டோட ஈயம் விரிசல் விட்டிருக்கான்னு பாருங்க. தீப்பிடிக்கும்னு பயந்துதான் மைக்ரோசாஃப்ட் 2005-ல ஒரு கோடியே நாப்பத்தோரு லட்சம் பவர் கேபிளை மாத்தித் தர்றதா அறிவிச்சாங்க.

டிஸ்கி 2: அமெரிக்கப் பொட்டியை ஊருக்கு எடுத்துட்டுப் போறவங்க ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாம செருகாதீங்க. உள்ள இருக்கிறது 120 வோல்ட் பவர் சப்ளை, நம்மூர்ல வர்றது 230. செருகுன அன்னிக்கே பட்டாசு வெடிக்கும், அதுக்கப்புறம் மாட் பண்ணதால போச்சுன்னு என்கிட்ட வராதீங்க :-)