பிங் கூடினால் பக்கேஜை மாத்தாதீங்கோ

"வலோரன்ட்டில பிங் 120 அடிக்குது மச்சான்" எண்டால் பம்பலப்பிட்டியில் ஒரே பதில்தான்: பெரிய பக்கேஜ் போடு. அம்மாவிடம் காசு வாங்கிப் போட்ட பிறகும் பிங் அசையாது. எம்பிபிஎஸ் ரோட்டின் அகலம். பிங் போய்வரும் நேரம்.

முதலில் வீட்டு ரவுட்டருக்கே பிங் அடித்துப் பாருங்கள். அதுவே துள்ளினால் பிழை வைஃபையில். ஃபிளாட்டில் எத்தனை ரவுட்டர் ஒரே 2.4 கிகாஹேர்ட்ஸில் கத்துது! கேபிள் இழுங்கோ. யாராவது படங்கள் அப்லோட் பண்ணும்போது மட்டும் ஏறினால் லைனில் வரிசை நிக்குது. இதுக்கு மட்டும் பெரிய பக்கேஜ் கொஞ்சம் உதவும். அப்லோடுக்கு வரம்பு வைத்தால் அதுவும் தேவையில்லை.

இரண்டும் இல்லையெண்டால் ட்ரேஸ்ரூட் போடுங்கள். இழையில் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீற்றர் ஓடும். மும்பை சேர்வர் நேர்கோட்டில் 1,550 கிலோமீற்றர். போய்வர 16 மில்லிசெக்கன்கூட இல்லை. கேபிள் வளைவைச் சேர்த்தாலும் 120 ஆகாது. பெரும்பாலும் பக்கெற் சிங்கப்பூர் சுற்றிப் போகும், அல்லது வழியில் நெரிசல். அந்தப் பாதையைத் தீர்மானிப்பது கம்பனி, நாங்கள் இல்லை.

விளம்பரத்தில் எம்பிபிஎஸ் போடுகிறவர்கள், இரவு 9 மணிக்கு மும்பைக்கும் சிங்கப்பூருக்கும் எவ்வளவு பிங் எண்டும் போடட்டும். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு அதைக் கட்டாயமாக்க வேணும். அதுவரை முறைப்பாட்டோடு ட்ரேஸ்ரூட் ஸ்க்ரீன்ஷொட்டையும் அனுப்புங்கள். "ரவுட்டரை ஓஃப் பண்ணி ஓன் பண்ணுங்கோ" எண்டு அதுக்குப் பதில் சொல்லேலாது.