“கவனம் போதாது” என்று எழுதும் முன்

தவணை அறிக்கைகளில் ஆண்டாண்டு காலமாக மாறாத ஒரு வரி உண்டு. “கெட்டிக்காரி, ஆனால் கவனம் போதாது.” எந்தப் பாடசாலையின் அறிக்கையைப் பார்த்தாலும் பத்தில் இரண்டு மூன்றில் இது இருக்கும். எழுதியவருக்கு அது அரை நிமிட வேலை. வீட்டில் அதை வாசிக்கும் உம்மாவுக்கும் வாப்பாவுக்கும் அது பிள்ளையின் குணத்தைப் பற்றிய தீர்ப்பு.

எனக்குத் தெரிந்த ஒரு மாணவிக்குச் சாதாரண தரத்தில் கணிதத்தில் நல்ல பெறுபேறு வந்தது. உயர்தரத்தில் கணிதப் பிரிவில் படிக்க ஆசைப்பட்டாள். வீட்டில் பழைய அறிக்கைகளை எடுத்து வைத்துக்கொண்டு, “கவனமில்லாத பிள்ளைக்குக் கணிதம் சரிவராது” என்று முடித்துவிட்டார்கள். இப்போது கலைப் பிரிவில் இருக்கிறாள். கலைப் பிரிவு ஒன்றும் குறைந்ததில்லை. அவளாகக் கேட்டுப் போயிருந்தால் நானே முதலில் சந்தோஷப்பட்டிருப்பேன். அவள் கேட்கவில்லை.

நான் விஞ்ஞானம் படிப்பிப்பவள். அந்த வரியில் வரும் ‘கவனம்’ என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று யாராவது அளந்து பார்த்திருக்கிறார்களா என்று தேடினேன். தூரத்தில் இல்லை, பெங்களூரில் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் நரம்பியல் மையத்தில் ஸ்ரீதரன் தேவராஜன் என்ற ஆய்வாளரின் வேலையே அதுதான். கண் பார்க்கும் ஆயிரம் பொருள்களில் மூளை எதைத் தேர்ந்தெடுக்கிறது என்பதைப் பரிசோதனையாலும் கணினி மாதிரிகளாலும் ஆராய்கிறார்.

அவருடைய குழு 2021 இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றை எங்கள் வகுப்பில் சொன்னபோது பிள்ளைகள் மிகவும் ரசித்தார்கள். ஒரு படத்தைத் திரையில் காட்டுவார்கள். உடனே ஒரு கண வெறுமை. பின் அதே படம், ஆனால் ஒரேயொரு மாற்றத்தோடு. இரண்டும் மாறி மாறி மின்னிக்கொண்டிருக்கும். மாற்றம் பெரிதாக இருந்தாலும் பலருக்குத் தெரியாது. இதற்கு ‘மாற்றக் குருடு’ என்று பெயர். 39 பேர் பங்குபற்றிய அந்த ஆய்வில் அவர்களின் கண்ணசைவையும் பதிந்தார்கள். நன்றாகக் கண்டுபிடித்தவர்களிடம் இரண்டு சாதாரண விடயங்கள்தான் வேறுபட்டிருந்தன. ஓர் இடத்தில் பார்வையைச் சற்றுக் கூடுதல் நேரம் நிறுத்தினார்கள். அடுத்த இடத்துக்குத் தாவும்போது, ஒரு தாவல் நீளம் ஒரு தாவல் குட்டை என்று கண் தாறுமாறாக ஓடவில்லை.

பிறகு அவர்கள் கணினிக்குள் ஒரு ‘பார்வையாளரை’ உருவாக்கினார்கள். மூளையின் நரம்புக் கலங்களுக்கு இருக்கும் வரையறைகளை அதற்கும் கொடுத்தார்கள். அதுவும் மனிதரைப் போலவே சிலதைக் கண்டது, சிலதைத் தவறவிட்டது. கணினிக்குச் சோம்பல் கிடையாது, பக்கத்து மேசைத் தோழியும் கிடையாது. அப்படியிருந்தும் தவறவிட்டது. கண்முன்னே இருந்ததைக் காணவில்லை என்று ஒரு பிள்ளை சொன்னால், அது உண்மையாகவே இருக்கலாம்.

இன்னொரு விடயம் இதைவிட முக்கியம். கவனம் என்று நாம் ஒரே சொல்லில் சொல்வதற்குள் குறைந்தது இரண்டு வேலைகள் இருக்கின்றன. இதைப் புத்தகத்தில் வாசித்ததைவிடக் குறிகட்டுவானில் எனக்கு நன்றாக விளங்கியது.

மாணவிகளோடு நயினாதீவுக்குப் போவதற்காக அந்த இறங்குதுறையில் காத்திருந்தோம். சும்மா இருக்க முடியாமல், நெடுந்தீவிலிருந்து வரும் படகை யார் முதலில் காண்பது என்று போட்டி வைத்தார்கள். அது ஒரு மணித்தியாலத் தூரத்திலிருந்து வரும் படகு. முதலில் ஒரு புள்ளியாகத்தான் தெரியும். ஒருத்தி வெள்ளையாக எதைக் கண்டாலும் “படகு, படகு!” என்று கத்தினாள். அலை நுரைக்குக் கத்தினாள், பறவைக்குக் கத்தினாள், கடைசியில் படகுக்கும் கத்தினாள். எல்லோரும் அவளுக்குத்தான் கூர்மையான கண் என்றார்கள். இன்னொருத்தி வாயே திறக்கவில்லை. நிச்சயமாகத் தெரிந்த பிறகுதான் சொன்னாள். அவளுக்குப் ‘பராக்கு’ என்று பட்டம் கிடைத்தது. பக்கத்தில் கயிறு சுற்றிக்கொண்டிருந்த படகுக்கார ஐயா ஒருவர் இருவரையும் பார்த்துச் சிரித்துவிட்டு, தூரத்தில் தெரிந்த ஒன்றைக் காட்டி, “பிள்ளையள், உது வலைக்குப் போன வள்ளம். படகு உப்பிடி ஆடாது” என்றார்.

அந்த ஐயாவிடம் இருந்தது உணர்திறன்: ஒன்றையும் இன்னொன்றையும் பிரித்தறியும் ஆற்றல். இரண்டு பிள்ளைகளுக்கும் இடையில் இருந்த வேறுபாடோ பெரும்பாலும் சாய்வு: எவ்வளவு சான்று கிடைத்தால் ‘ஆம்’ என்று சொல்வது என்ற எல்லை. கத்தியவளுக்கு எல்லை மிகத் தாழ்வு, பேசாதவளுக்கு மிக உயர்வு. இரண்டு பேரின் கண்களும் ஒரே அளவு கூர்மையானவையாக இருக்கலாம்.

இவ்விரண்டும் மூளையில் ஒன்றாகக் கலந்து கிடப்பவை அல்ல என்பதற்கு ஸ்ரீதரனும் வர்ஷா ஸ்ரீனிவாசனும் 2019 இல் வெளியிட்ட ஆய்வு நல்ல சான்று. நடுமூளையில் சுப்பீரியர் கொலிக்குலஸ் என்ற சிறிய மேடு போன்ற பகுதி உண்டு. அதற்கும் மூளையின் மேற்பட்டைக்கும் இடையிலான நரம்பு இணைப்புகளை எம்.ஆர்.ஐ. ஸ்கேன் மூலம் அளந்து, அதே ஆட்களின் கவனப் பரிசோதனைப் பெறுபேறுகளோடு ஒப்பிட்டார்கள். இணைப்பின் வலிமை சாய்வோடு பொருந்தியது, உணர்திறனோடு பொருந்தவில்லை.

இனி நமது விடைத்தாளுக்கு வருவோம். “பின்வருவனவற்றுள் தவறானது எது?” என்ற வினாவுக்குச் சரியான கூற்றைத் தெரிவுசெய்கிறாள் ஒரு மாணவி. இன்னொருத்தி கழித்தல் குறியைக் காணாமல் விடுகிறாள். வேறொருத்திக்கு விடை தெரியும், ஆனால் நிச்சயம் வராததால் வெறுமையாக விட்டுவிட்டு வருகிறாள். மூவருக்கும் நாம் எழுதும் வரி ஒன்றே. முதலாமவள் எதிர்பார்த்ததை வாசித்தாள். இரண்டாமவளின் பார்வை அந்த இடத்தில் நிற்கவில்லை. மூன்றாமவளிடம் ‘கவனமாக இரு’ என்று சொல்லச் சொல்ல அவளுடைய எல்லை இன்னும் உயரும், இன்னும் கூடுதலாக வெறுமையாக விடுவாள். அவளுக்குச் சொல்ல வேண்டியது நேர் எதிரானது. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: ஒரு ஜுஸ்உவைத் தடக்கமின்றி ஓதி முடிக்கும் பிள்ளையைக் கணித வகுப்பில் ‘கவனமே இல்லாதவள்’ என்கிறோம். ஓதும்போது மட்டும் அது எங்கிருந்து வந்தது?

திறமைசாலிகளுக்கு இது நடக்காது என்று நினைப்பவர்களுக்காக ஒன்று. 2013 இல் அமெரிக்காவில் 24 கதிரியக்க வைத்தியர்களிடம் நுரையீரல் ஸ்கேன் படங்களைக் கொடுத்து, புற்றுநோய்க் கட்டிகளைத் தேடச் சொன்னார்கள். படத்துக்குள் ஒரு கொரில்லாவின் உருவத்தைப் பதித்திருந்தார்கள். அது அவர்கள் தேடிய கட்டியைவிட 48 மடங்கு பெரிது. 20 பேர் அதைக் காணவில்லை. அந்த இருபது பேரில் பெரும்பாலோரின் கண் நேராக அதன் மேலேயே விழுந்திருந்தது. அவர்களுடைய அறிக்கையில் யாரும் ‘கவனம் போதாது’ என்று எழுதவில்லை.

“எல்லாவற்றுக்கும் போன்தான் காரணம், டீச்சர்” என்று ஒவ்வொரு பெற்றோர் கூட்டத்திலும் கேட்கிறேன். படிக்கும்போது போன் பக்கத்தில் இருக்கக்கூடாது என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் போன் இல்லாத காலத்துச் செய்தி ஒன்று இருக்கிறது. 1948 இல் நோர்மன் மக்வேர்த் என்ற பிரித்தானியர், ராடர் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் படைவீரர்களுக்காக ஒரு பரிசோதனை செய்தார். கடிகார முள் போன்ற ஒன்று எப்போதாவது இரண்டு மடங்கு தாவும். அதைக் கண்டு சொல்ல வேண்டும். அரை மணித்தியாலம் கடந்ததும் தவறவிடுவது கூடிவிட்டது. பயிற்றப்பட்ட வீரர்களின் நிலை அது. மஃரிபுக்குப் பிறகு இருந்து பத்து மணி வரை எழும்பாமல் படி என்று பதினைந்து வயதுப் பிள்ளையிடம் சொல்வதில் என்ன நியாயம் இருக்கிறது? நடுவில் எழும்பித் தண்ணீர் குடிக்கட்டும், முற்றத்தில் நாலு அடி நடக்கட்டும்.

அறிக்கை எழுதும் என் சக ஆசிரியைகளிடம் நான் கேட்பது, ‘கவனம் போதாது’ என்பதற்குப் பதிலாகக் கண்டதை எழுதுங்கள் என்பதுதான். “வினாவின் கடைசிச் சொல்லை வாசிக்காமல் விடுகிறாள்.” “தெரிந்த விடையையும் எழுதத் தயங்குகிறாள்.” இதை எழுத ஒரு நிமிடம் கூடுதலாகப் போகும். நாற்பது பிள்ளைகளுக்கு நாற்பது நிமிடம். அது பெரிய நேரமில்லை.

பெற்றோரிடம் கேட்பது இன்னும் சிறியது. உயர்தரப் பாடத் தெரிவுப் படிவத்தில் கையெழுத்து வைக்கும் முன் பழைய விடைத்தாள்களை மேசையில் பரப்புங்கள். பிழைகளைப் பிரித்து எண்ணுங்கள்: தெரியாமல் பிழைத்தது எத்தனை, தெரிந்தும் காணாமல் விட்டது எத்தனை, கண்டும் தயங்கியது எத்தனை. எண்ணும்போது மகளைப் பக்கத்தில் இருத்திக்கொள்ளுங்கள். எது எந்தக் கணக்கில் சேரும் என்று அவளுக்குத்தான் தெரியும்.