ஏறலைன்னா விட்ருங்கய்யா!

பரீட்சை லீவு விட்டாச்சுன்னா போதும், ராஜபாளையத்துலயும் ஸ்ரீவில்லிபுத்தூர்லயும் தெருவுக்கு ஒரு வேன் தீம் பார்க்குக்குக் கெளம்பிடுது. கிட்டக்கன்னா மதுரை பரவையில இருக்குற அதிசயம். கொஞ்சம் செலவு பண்ணலாம்னா கொச்சி வொண்டர்லா. 2025 டிசம்பர்ல சென்னை திருப்போரூர் பக்கமும் ஒரு வொண்டர்லா தொறந்துட்டாங்க. நல்லா போய்ட்டு வாங்க, சந்தோஷம். எனக்குக் கோபம் பார்க் மேல இல்ல. புள்ளைங்களக் கூட்டிட்டுப் போற பெருசுங்க மேல.

எந்த வேன்ல பாத்தாலும் ஒரு புள்ள இருக்கும். ஏழு எட்டு வயசு. வழியெல்லாம் பாட்டும் கூத்துமா வரும். ராட்டினத்துக்குக் கீழ வந்து நின்னதும் அப்படியே உறைஞ்சு போயிடும். ஒடனே பஞ்சாயத்து கூடிடும்.

"ஏலே, ஆம்பளப் புள்ளதான நீ?"

"ஒன் தங்கச்சியே ஏறிட்டா பாரு!"

"ஆயிரக்கணக்குல டிக்கெட் எடுத்திருக்கு, சும்மாவா?"

கடைசியில மாமாவோ சித்தப்பாவோ அலேக்கா தூக்கி உக்கார வெச்சிடுவாரு. கம்பி எறங்கிடும். புள்ள கதறும். அத ஒருத்தர் வீடியோ எடுப்பாரு. சாயந்திரம் குடும்ப வாட்ஸப் குரூப்ல போட்டு அத்தனை பேரும் சிரிப்பாங்க. கேட்டா தைரியம் ஊட்டுறாங்களாம்! நீங்க ஊட்டுறது தைரியம் இல்ல சாமிகளா, பயம்.

நான் சும்மா சொல்லல. 1920ல அமெரிக்காவுல வாட்சன்னு ஒரு உளவியல்காரர், ஒரு வயசு கூட ஆகாத கைக்குழந்தைக்கு வெள்ளை எலியக் காட்டி, அது தொடப்போறப்பல்லாம் பின்னால இரும்புக் கம்பிய டமார்னு அடிக்க வெச்சாரு. கொஞ்ச நாள்ல சத்தமே இல்லாம எலியப் பாத்தாலே புள்ள அழ ஆரம்பிச்சிடுச்சு. நம்ம சித்தப்பா செய்யுறதும் அதேதான். எலிக்குப் பதிலா ராட்டினம், அவ்வளவுதான்.

இதுக்கு நேர் எதிரா 1924ல மேரி கவர் ஜோன்ஸ்னு ஒரு அம்மா எழுதினாங்க. பீட்டர்னு ஒரு சின்னப் பையனுக்கு முயலக் கண்டா பயம். அவன் புடிச்ச பண்டத்தத் தின்னுக்கிட்டு இருக்கறப்போ கூண்டோட முயலக் கொண்டு வந்து தூரத்துல வெச்சாங்க. நாளாக நாளாக கொஞ்சம் கொஞ்சமா கிட்டக் கொண்டாந்தாங்க. கடைசியில அவனே முயலத் தொட்டு வெளையாடினான். நூறு வருஷத்துக்கு முன்னாடியே பாடம் வந்தாச்சு, நாம இன்னும் கம்பிய அடிச்சிட்டு இருக்கோம்.

"நாங்கல்லாம் கெணத்துல தூக்கிப் போட்டுத்தான் நீச்சல் கத்துக்கிட்டோம்"னு அண்ணாச்சி ஒருத்தர் வருவாரு பாருங்க. அய்யா, கத்துக்கிட்டவன்தான் வாய் கிழியக் கதை சொல்றான். அன்னிக்குத் தண்ணி குடிச்சு மெரண்டு ஓடினவன் இன்னிக்கும் அய்யனார் கோயில் ஆத்துக்குப் போனா கரையில உக்காந்து எல்லார் செருப்புக்கும் காவல் காக்குறான். அவன் கதைய யாரு கேட்டா? நல்லா சொல்லிக் குடுத்தவங்க யாரும் தூக்கிப் போடல. இடுப்புல சுரைக்குடுக்கை கட்டித்தான் எறக்கினாங்க.

அந்தப் பயத்துக்குக் காரணமும் இருக்கு. ராட்டினம் சடார்னு கீழ எறங்குறப்போ வயித்துக்குள்ள எல்லாம் மெதக்குற மாதிரி ஆகும். உள்காது ஒண்ணு சொல்லும், கண்ணு ஒண்ணு சொல்லும், தலை சுத்தும். ரெண்டு வயசுலயிருந்து பன்னெண்டு வயசு வரைக்கும் இந்தத் தொல்லை ஜாஸ்தி. ஆண்டாள் கோயில் கோபுரம் 192 அடி, கீழ நின்னு அண்ணாந்து பாத்தா நமக்கே ஒரு மாதிரி இருக்குல்ல? புள்ளைய மட்டும் கேலி பண்ணா எப்படி?

சரி, என்னதான் செய்யணும்ங்கிறீங்களா? பீட்டர் வழிதான். தீம் பார்க்குக்குப் போறதுக்கு முன்னாடி ஊர்த் திருவிழாவுக்குக் கூட்டிட்டுப் போங்க. மொதல்ல வேடிக்கை மட்டும். அப்புறம் குதிரை ராட்டினம். பார்க்குக்குப் போனதும் பெரிய ராட்டினம் ஒரு முழு சுத்து ஓடுறத நின்னு பாக்க விடுங்க, எத்தன நிமிஷம்னு சேந்து எண்ணுங்க. எறங்கி வர்றவங்க சிரிக்கிறத அதுவே பாக்கட்டும். "பயமே இருக்காது"ன்னு பொய் சொல்லாதீங்க. "வயிறு ஜிவ்வுன்னு கூசும், ரெண்டு செகண்ட்ல போயிடும்"னு உள்ளதச் சொல்லுங்க. கொலம்பஸ் கப்பல்ல நடு வரிசையில உக்காருங்க, ஆட்டம் அங்கதான் கம்மி, ரெண்டு முனையிலயும்தான் அதிகம். வரிசையில நின்னாலும் கம்பி எறங்குற வரைக்கும் திரும்பி வரலாம்னு மொதல்லயே வாக்கு குடுங்க. அந்த வாக்கக் காப்பாத்துங்க. உயர அளவுப் பலகையில ஷூவ மாட்டி ஏமாத்தாதீங்க, அந்தக் கம்பி அந்த அளவு ஒடம்புக்குத்தான் செஞ்சது.

அப்புறம் பால்கோவா. "ஏறினா வாங்கித் தர்றேன்"னா அது லஞ்சம். கீழ உக்காந்து தின்னுக்கிட்டே வேடிக்கை பாத்தா அது வைத்தியம். (வயிறு முட்டத் தின்னுட்டு ஏத்திடாதீங்க, பக்கத்து சீட்டுக்காரர் பாவம்!)

இவ்வளவும் செஞ்சும் ஏறலையா? விட்ருங்க. டிக்கெட் காசு கேட்லயே போயாச்சு, புள்ள அழுதா அது திரும்பி வராது. அன்னிக்குப் பூரா தண்ணியில வெளையாடிட்டு வந்தாலும் அது நல்ல நாள்தான்.

இது ராட்டினத்தோட முடியுற விஷயமும் இல்ல. யாராவது தப்பாத் தொட்டா "வேண்டாம்"னு கத்தணும்னு பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுக்குறோம். அதே புள்ள நம்மகிட்ட "வேண்டாம்"னு கதறுறப்போ சிரிச்சுக்கிட்டே தூக்கிப் போடுறோம். தன் ஒடம்பப் பத்தித் தான் சொல்ற "வேண்டாம்"க்கு வீட்லயே மதிப்பில்லன்னு அது கத்துக்கிட்டா, வெளிய எவன்கிட்டப் போய் சொல்லும்? நெசமாவே ஒரு ஆபத்து வர்றப்போ நம்மகிட்டயாவது வந்து சொல்லுமா?

ராட்டினம் எங்கயும் ஓடிப் போயிடாது. பத்து வயசுல ஏறலைன்னா பதினஞ்சுல ஏறட்டும். ஏறாமலே போனாலும் ஒண்ணும் குடி முழுகிடாது.