அபிவிருத்தி வங்கியா, அடகுக் கடையா?

2022 ஏப்ரல் 8ஆம் நாள் மத்திய வங்கி தன் வட்டி வீதங்களை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. நான்கு நாட்களில் அரசு, வெளிநாட்டுக் கடனை இறுக்க இயலாதெனக் கைவிரித்தது. 2024இல் பிணைமுறிக்காரர் முதலிலேயே ஒரு பகுதியை விட்டுக்கொடுத்தனர். அரசு பெற்ற இத்தயவு, அதன் குடிகளான அரிசி ஆலைக்காரனுக்கும் அச்சகத்தானுக்கும் கிட்டிற்றா? சலுகைக்காலம் தந்தார்கள், அக்காலத்திலும் வட்டி ஏறிற்று. பின்னர் வந்தது ஏல அறிவித்தல்!

நீதிமன்றம் செல்லாமலே ஈட்டுச் சொத்தை விற்கும் பராட்டே அதிகாரத்தை வங்கிகளுக்கு அளித்தது 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம். எதிர்ப்பு வலுக்கவே, 2024இல் அதனைத் தற்காலிகமாக நிறுத்தினர். ஏலத்தைத் தள்ளிப்போடுவது தொழிலைத் தாங்குவதாகுமா?

2010இல் அரசு பிரதேச அபிவிருத்தி வங்கியை அமைத்தது சிறு விவசாயியையும் சிறு கைத்தொழிலாளனையும் கைதூக்கிவிடவே அன்றோ? அவ்வங்கி தொழிலை மதிப்பிட்டுக் கடன் தரவேண்டும். தொழில் மீளும்வரை தவணையை நீட்டவேண்டும். போரிலே காணி உறுதியைப் பறிகொடுத்த வடக்கு, கிழக்கு மக்களிடம் உறுதியைக் கொண்டுவா என்பது, வராதே என்பதற்கு ஒப்பாகும்.

காணியை மட்டும் நம்பி மனிதனை நம்பாத வங்கிக்கு அபிவிருத்தி என்ற பெயர் எதற்கு? பிறரிடம் தவணை பெற்ற அரசே, உன் குடிகளுக்கும் தவணை கொடு!