வர்ணத்துக்கு அடியில் உள்ள வாய்மை

 

தாவூது நபி (அலை) அவர்களுக்கு அல்லாஹுத் தஆலா இரும்பை மென்மையாக்கிக் கொடுத்தான் என்பதைத் திருக்குர்ஆனின் ‘ஸபா’ அத்தியாயத்தில் ஓதுகிறோம். போர்க்கவசம் செய்யும்போது அதன் வளையங்களைச் சரியான அளவோடு கோக்க வேண்டும் என்ற கட்டளையும் அங்கேயே வருகிறது. ஒரு நபிக்கு அருளப்பட்ட தொழிலில்கூட அளவு தனியாக வலியுறுத்தப்பட்டிருப்பது நம் சிந்தனைக்குரியது. கவசத்தில் ஒரு வளையம் பிசகினால் அதை நம்பி அணிந்தவனின் உயிர் போகும். இரும்போடு பழகும் எல்லாத் தொழிலுக்கும் இது பொருந்தும். இதற்கு ஓர் எடுத்துக்காட்டாக, கையால் செய்யப்பட்ட பழைய பந்தயச் சைக்கிள்களைப் பற்றி இம்மாதம் பார்ப்போம்.

நம் ஊர்களில் ஓடிய கனத்த சைக்கிள்கள் பெரிய தொழிற்சாலைகளில் ஆயிரக்கணக்கில் தயாரானவை. நான் இங்கே சொல்லுவது, ஐரோப்பாவின் சிறு பட்டறைகளில் கைவினைஞர்கள் ஒவ்வொன்றாக அளந்து, அறுத்து, பற்றவைத்த பிரேம்களை. இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் ஆல்பிரட் ரெனால்ட்ஸ் என்பவர் 1897ஆம் ஆண்டு ஒரு புதுவகைக் குழாய்க்குக் காப்புரிமை பெற்றார். வெளியே ஒரே பருமன். உள்ளே முனைகளில் மட்டும் தடிப்பு, நடுவில் மெலிவு. இணைப்புக்கு வலிமை முனையில்தான் தேவை. நடுவில் வீண் கனம் எதற்கு என்பதே அதன் தத்துவம். 1935இல் அதே நிறுவனம் மாங்கனீசும் மாலிப்டினமும் கலந்த ‘531’ என்னும் எஃகுக் குழாயைக் கொண்டுவந்தது. இத்தாலியின் மிலான் நகரில் கொலம்பஸ் நிறுவனம் இதே வகைக் குழாய்களைச் செய்தது. அதன் ‘எஸ்.எல்.’ குழாயின் சுவர் முனையில் 0.9 மில்லிமீட்டர், நடுவில் 0.6 மில்லிமீட்டர். நகக்கனம்தான்! அதன்மேல் ஒரு மனிதன் மலைச் சரிவில் விரைகிறான்.

ரெனால்ட்ஸ் நிறுவனம் 1928இல் ‘டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ்’ என்னும் பர்மிங்காம் குழுமத்தில் சேர்ந்தது. அந்தக் குழுமமும் நம் முருகப்பா குழுமத்தாரும் கைகோத்துத்தான் 1949இல் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தைச் சென்னையில் தொடங்கினார்கள். நம் தந்தையர் ஓட்டிய ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. வண்டிகளுக்கு இந்தச் சரித்திரத்தோடு இப்படி ஒரு தூரத்து உறவு உண்டு.

இத்தகைய குழாய்களை ‘லக்’ எனப்படும் இணைப்புக் கூடுகளில் செருகி, பித்தளையையோ வெள்ளிக் கலவையையோ உருக்கி இடுக்கில் பாயவிட்டுப் பற்றவைப்பார்கள். சூடு குறைந்தால் உலோகம் பாயாது. மிஞ்சினால் எஃகு பலம் இழக்கும். இலண்டனின் ஹெட்சின்ஸ் பட்டறை இந்த லக்குகளைப் பூவேலைபோல் அறுத்துப் புகழ்பெற்றது. இத்தாலியில் சினெல்லியும் கொல்நாகோவும் பெயர் பெற்றன. 1972 அக்டோபர் 25 அன்று மெக்சிகோ நகரில் எடி மெர்க்ஸ் ஒரு மணி நேரத்தில் 49.431 கிலோமீட்டர் ஓட்டிச் சாதனை படைத்தது கொல்நாகோ செய்த எஃகு வண்டியில்தான்.

பின்னாளில் அலுமினியமும் கார்பன் இழையும் வந்தன. எஃகுப் பந்தய வண்டிகள் கொட்டகைகளில் ஒதுங்கின. இன்று அவற்றுக்கு மீண்டும் மதிப்பு வந்திருக்கிறது. இத்தாலியின் தஸ்கனி பகுதியில் 1997இல் தொடங்கிய ‘லெரோய்க்கா’ என்னும் சைக்கிள் பயண விழாவில், பழைய காலத்து வண்டிகளுக்கே முதலிடம். மதிப்பு வந்த இடத்துக்கு மோசடியும் வந்து சேரும் அல்லவா? சாதாரணக் குழாயில் செய்த பிரேமுக்குப் புது வர்ணம் பூசி, புகழ்பெற்ற பெயர் ஒட்டப்படுகிறது. விழுந்து நெளிந்த பிரேம், பளபளப்புக்குள் மறைக்கப்படுகிறது. முன்னது வாங்குபவரின் பணத்தைப் பறிக்கும். பின்னது உயிரையே பறிக்கக்கூடும்.

அப்படியானால் உண்மையை அறிவது எப்படி?

ஹதீஸ் கலையில் நம் முன்னோர்கள் கையாண்ட முறையை நினைத்துப் பாருங்கள். செய்தி அழகாக இருக்கிறது என்பதற்காக அதை அவர்கள் ஏற்கவில்லை. அறிவித்தவர் யார், அவர் யாரிடம் கேட்டார், அவருடைய நம்பகம் எத்தகையது என்று ஒவ்வொரு கண்ணியாகத் தேடினார்கள். சைக்கிளிலும் அப்படித்தான். எளிதில் மாற்றக்கூடியது பலவீனமான சாட்சி. மாற்ற முடியாதது பலமான சாட்சி.

ஸ்டிக்கர் மிகவும் பலவீனமானது. அதைப் புதிதாக அச்சிட்டு ஒட்டிவிடலாம். அசல் ஸ்டிக்கரைக்கூட நிதானமாகப் படிக்க வேண்டும். மூன்று பிரதானக் குழாய்கள் மட்டுமே 531 என்று சொல்லும் ரெனால்ட்ஸ் ஸ்டிக்கர் ஒன்று. ஃபோர்க்கும் பின்புறக் குழாய்களும் சேர்ந்து 531 என்று சொல்லும் ஸ்டிக்கர் வேறொன்று. உதிரி பாகங்கள் நடுத்தரமான சாட்சிகள். ஸ்டர்மி ஆர்ச்சர் கியர் ஹப்பின் மேல் அது செய்யப்பட்ட ஆண்டு பொறிக்கப்பட்டிருக்கும். ஆனால் அது சொல்வது ஹப்பின் வயதைத்தான். சக்கரம் வேறு வண்டியிலிருந்து வந்திருந்தால் பிரேமைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது!

பிரேமோ தன் உடம்பிலேயே உண்மையைச் சுமக்கிறது. பெடல் அச்சு செல்லும் கூட்டின் அடியிலோ, பின்சக்கரம் பொருந்தும் தகட்டிலோ எண் வெட்டப்பட்டிருக்கும். ராலே நிறுவனம் 1974இல் இல்கெஸ்டன் நகரில் தொடங்கிய தனிப் பட்டறையின் பிரேம் எண்கள் ‘எஸ்பி’ என்ற எழுத்துகளில் தொடங்கும். அடுத்து, சீட்டுக் கம்பியைக் கழற்றி அளக்க வேண்டும். பிரிட்டிஷ், இத்தாலிய அளவில் செய்த மெலிந்த சுவர் கொண்ட உயர்தரக் குழாயானால் கம்பி பெரும்பாலும் 27.2 மில்லிமீட்டர் இருக்கும். கம்பி அதைவிட ஒரு மில்லிமீட்டர் சிறுத்திருந்தால், குழாயின் சுவர் தடித்தது என்றோ, பிரெஞ்சு அளவில் செய்தது என்றோ பொருள்.

பெடல் அச்சுக் கூட்டின் மரை இன்னொரு சாட்சி. இத்தாலிய மரை 36 மில்லிமீட்டர், பிரெஞ்சு மரை 35 மில்லிமீட்டர். இரண்டிலும் இரு பக்கமும் வலமாகச் சுற்றினால் இறுகும். பிரிட்டிஷ் வண்டியிலோ செயின் பக்கத்து மரை இடமாகச் சுற்றினால்தான் இறுகும். இதை அறியாமல் பெரிய ஸ்பேனரை மாட்டி எதிர்த்திசையில் பலம் காட்டினால், அரை நூற்றாண்டு கெடாமல் இருந்த மரை அரை நிமிடத்தில் அழிந்துபோகும். சாட்சிகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகே பெயர் சொல்ல வேண்டும். பிரிட்டனில் 1955 முதல் இயங்கும் வெட்டரன் சைக்கிள் கிளப் போன்ற அமைப்புகள் இத்தகைய தகவல்களைப் பொறுமையாகச் சேகரித்து வருகின்றன.

இனி மிக முக்கியமான சோதனைக்கு வருவோம். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலைக் கண்டு, அதனுள் கையை நுழைத்தார்கள். விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்தது என்று வியாபாரி சொன்னபோது, மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என எச்சரித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் பதிவான இந்தச் செய்தியை நாம் அனைவரும் அறிவோம்.

பழைய பிரேமிலும் விரலால் பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. ஹேண்டில்பார் இறங்கும் தலைக்குழாயின் பின்னே, மேல்குழாயின் அடிப்பகுதியையும் சாய்குழாயின் அடிப்பகுதியையும் மெல்லத் தடவிப் பாருங்கள். முன்னால் எதிலாவது மோதிய வண்டியானால் அங்கே ஒரு சிறு புடைப்போ மடிப்போ தட்டுப்படும். கண் தவறவிட்டாலும் விரல் சொல்லிவிடும். லக்குகளின் விளிம்பிலும் பெடல் கூட்டைச் சுற்றியும் மயிரிழை விரிசல் உண்டா என்று பார்க்க வேண்டும். தலைக்குழாயிலிருந்து பின்சக்கரத் தகடுவரை இருபுறமும் ஒரு நூலை இழுத்துக் கட்டி, நடுவில் சீட்டுக் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியை அளந்தால் கோணல் தெரிந்துவிடும். பழைய அலுமினிய ஹேண்டில்பாரில் கீறலோ விரிசலோ கண்டால் அதை அழகுக்கு வைத்துக்கொள்ளலாமே தவிர ஓட்டக் கூடாது.

பிரேம் நலமாக இருந்தால் சீரமைப்புத் தொடங்கலாம். இங்கே முதல் பாடம் பொறுமை. துருப்பிடித்து இறுகிய சீட்டுக் கம்பியைச் சுத்தியலால் அடிக்காமல், ஊடுருவும் எண்ணெயை இடுக்கில் விட்டுப் பல நாள் காத்திருக்க வேண்டும். துருவை ஆக்ஸாலிக் அமிலக் கரைசலில் ஊறவைத்து அகற்றலாம். ஆனால் அது நஞ்சு. கையுறை அவசியம், குழந்தைகளை அண்டவிடக் கூடாது. ஊறிய பின் நன்கு கழுவி, உடனே உலர்த்தி, குழாயின் உட்புறத்திலும் எண்ணெய் பூசவேண்டும். எஃகுக் குழாய் பெரும்பாலும் உள்ளிருந்துதான் அரிக்கப்படுகிறது.

பழைய வர்ணம் மங்கியிருந்தாலும் கூடுமானவரை அதைக் காப்பாற்றுங்கள். அதைச் சுரண்டிவிட்டால் அந்தக் கைவினைஞர் விட்டுச் சென்ற சாட்சியமும் சேர்ந்து போய்விடும். பிரேக் கட்டைகள், கேபிள்கள், டயர், பால்ஸ் ஆகியவை மட்டும் புதிதாகவே இருக்கட்டும். உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் பழமைப் பற்று கூடாது.

விற்க நேர்ந்தால், எது அசல், எது மாற்றியது, எங்கே பற்றவைத்தது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசிக் குறைகளைத் தெளிவுபடுத்தினால் அவர்களுடைய வியாபாரத்தில் பரக்கத் உண்டு. மறைத்தால் அது அழிக்கப்படும் என்பது நபிமொழியின் கருத்து. அந்தத் தாளால் விலை சற்றுக் குறையலாம். அந்த வண்டியில் ஏறப் போகிறவர் யாரோ ஒரு தாயின் பிள்ளை என்று எண்ணினால், அந்தக் குறைவு நமக்குப் பாரமாகத் தோன்றாது.

அன்பர்களே! நம்மில் பலருக்கு இத்தகைய சைக்கிளைக் காணும் வாய்ப்புக்கூட அமையாமல் போகலாம். ஆனால் பழைய வீடு, பழைய நகை, பழைய மோட்டார் வண்டி என்று ஏதாவது ஒன்றை விற்கும் நாள் எல்லோருக்கும் வரும். அப்போது வர்ணத்துக்கு அடியில் இருப்பதை நாமே முதலில் சொல்லிவிடும் துணிவை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.