ஆயாவுக்கு லீவு எப்போ?

கொஞ்சம் நீளமான இழை. நேரம் இருக்கறப்போ படிங்க. சில பேருக்குக் கோபம் வரும், பரவாயில்லை.

வாட்ஸப்பில் மாசத்துக்கு ஒரு தடவையாவது சுத்தி வர்ற செய்தி ஒண்ணு இருக்கு. பேரன் பேத்தியோட இருக்கிற தாத்தா பாட்டிக்கு ஆயுசு கூடுமாம், மறதி நோய் அண்டாதாம், வெளிநாட்டு ஆய்வு சொல்லுதாம். கீழே ஒரு பாட்டி சிரிக்கிற படம், ரெண்டு ரோஜாப்பூ. அனுப்பறவங்க யாருன்னு பாத்தா பெரும்பாலும் அந்தப் பாட்டியோட பிள்ளைகள். பாட்டிகள் அனுப்பி நான் பாத்ததே இல்ல. அவங்களுக்கு போனை எடுக்கவே நேரம் கிடையாது.

ஆய்வு பொய் இல்லை. முழுசாப் படிக்கலை, அவ்வளவுதான். பெர்லின் நகரத்துல 70 வயசு தாண்டின 500-க்கும் மேற்பட்டவங்களைப் பல வருஷம் தொடர்ந்து கவனிச்ச ஆய்வு 2017-ல் வெளியாச்சு. பேரப்பிள்ளைகளைப் பாத்துக்கிட்டவங்க, பாத்துக்காதவங்களை விட அதிக காலம் வாழ்ந்தாங்க. நல்ல செய்திதான். ஆனா அதுல இருந்தவங்க எல்லாம் அப்பப்போ வந்து கைகொடுக்கிற தாத்தா பாட்டிகள். முழுநேரமா குழந்தையைத் தங்கள் பொறுப்புல வச்சிருக்கிறவங்க அந்தக் கணக்கிலேயே வரல.

மெல்போர்ன்ல 186 பெண்களை வச்சு 2014-ல் இன்னொண்ணு. வாரத்துல ஒரு நாள் பேரக்குழந்தையைப் பாத்துக்கிட்டவங்க மூளைத்திறன் சோதனைகள்ல நல்லா செஞ்சாங்க. அஞ்சு நாளோ அதுக்கு மேலயோ பாத்துக்கிட்டவங்க ஒரு சோதனையில பின்தங்கிட்டாங்க. வாட்ஸப் செய்தியில் முதல் வரி வரும், ரெண்டாவது வரி வராது.

மூணாவது, அமெரிக்க நர்ஸ்கள் 54,000 பேருக்கு மேல நாலு வருஷம் கவனிச்சு 2003-ல் வந்தது. வாரத்துக்கு 9 மணி நேரமோ அதுக்கு மேலயோ பேரப்பிள்ளைகளைக் கவனிச்ச பெண்களுக்கு இதய நோய் அபாயம் ஏறக்குறைய 50 சதவீதம் கூடுதலா இருந்துச்சு. இந்த மாதிரி ஆய்வு எதுவும் இதனாலதான் அதுன்னு அடிச்சுச் சொல்லாது, தொடர்பு இருக்குன்னுதான் சொல்லும். சரி, அப்படியே வச்சுக்குவோம். அந்த 9 மணி நேரத்தை மட்டும் கொஞ்சம் யோசிங்க. அது *வாரத்துக்கு*. எங்க ஆத்தூர் பக்கம் அது ஒரு நாள் கணக்குக்கே பத்தாது. காலைல ஏழுலேர்ந்து சாயங்காலம் ஏழு, வாரத்துல ஆறு நாள். 72 மணி நேரம். எட்டு மடங்கு.

மாத்திரைக்கு டோஸ் இருக்குன்னா எல்லாரும் ஒத்துக்கறீங்க. பேரப்பிள்ளைக்கும் டோஸ் உண்டுன்னு சொன்னா மட்டும் டாக்டர் பாசம் தெரியாத ஆளுன்னு சொல்றீங்க.

ஒரு நாள் எப்படிப் போகுதுன்னு சொல்றேன். இது ஒரே ஆளோட கதை இல்ல, என்கிட்ட வர்ற பல பேர் சொன்னதைச் சேத்துச் சொல்றேன்.

வயசு 65. சுகர் பத்து வருஷமா இருக்கு. ரெண்டு முட்டியும் தேஞ்சிருக்கு. மருமக சேலத்துல ஜவுளிக்கடைக்கோ, இங்கயே சேகோ மில்லுக்கோ, தறிக்கோ போறா. மகன் லாரியோ ரிக் வண்டியோ, மாசத்துல பாதி நாள் வெளி மாநிலம். வீட்ல நாலு வயசுல ஒண்ணு, ஒன்றரை வயசுல ஒண்ணு.

அஞ்சு மணிக்கு எழுந்து வாசல் தெளிச்சு, பால் காய்ச்சி, மருமகளுக்கு டப்பா கட்டிக் கொடுத்தாச்சு. பெரியவனைக் குளிப்பாட்டி அங்கன்வாடியில விடணும். சின்னது இடுப்புல. பத்து கிலோ. தரையில உக்காந்து எழுந்திரிக்கிறப்போ முட்டி மேல விழுற பாரம் உடம்பு எடையைப் போல பல மடங்கு. அதோட இந்தப் பத்து கிலோவையும் சேத்துக்குங்க. ஒரு நாளைக்கு எத்தனை தடவை அப்படித் தூக்குறீங்கன்னு கேட்டா, "அதை யாருங்க எண்ணுனாங்க"ன்னு சிரிப்பாங்க.

சின்னது மதியம் ஒரு மணி நேரம் தூங்கும். அந்த நேரத்துலதான் துணி துவைக்கணும், தனக்குச் சோறு போட்டுக்கணும். சோறு எங்க தனியா போடறாங்க? குழந்தை துப்புனது, மிச்சம் வச்சது, அதுதான் சாப்பாடு. சுகர் ஏன் ஏறுது இறங்குதுன்னு என்கிட்ட கேட்டா நான் என்ன சொல்ல? காலை மாத்திரையைப் போட்டுட்டுப் பதினோரு மணி வரைக்கும் ஒண்ணும் சாப்பிடலைன்னா சுகர் இறங்கத்தான் செய்யும். வேர்க்கும், கை நடுங்கும், கண்ணு இருட்டும். அந்த நேரத்துல வீட்ல இருக்கிற இன்னொரு ஆளோட வயசு ஒன்றரை.

பிரஷருக்கு எழுதிக் கொடுத்த நீர் மாத்திரையைப் பாதிப் பேர் போடறதே இல்ல. கேட்டா, "ஒண்ணுக்கு அடிக்கடி வருதுங்க சார், குழந்தையை விட்டுட்டு எப்படிப் போறது?" முதுகு வலி மாத்திரை போட்டா அசத்துது, அசந்தா குழந்தை ரோட்டுக்கு ஓடிரும், அதனால அதுவும் இல்ல. கண்புரை ஆபரேஷனுக்கு நாள் குறிச்சா, "சின்னவன் எல்கேஜி சேரட்டும் சார்". அதாவது ரெண்டு வருஷம். அதுவரைக்கும் பாதிப் பார்வையில அடுப்பையும் பாத்து, குழந்தையையும் பாத்து, தெருவுல வர்ற டூவீலரையும் பாக்கணும். பெண்கள் சொல்லக் கூச்சப்படற இன்னொண்ணும் இருக்கு. கர்ப்பப்பை இறக்கம். அஞ்சாறு வருஷமா சகிச்சுக்கிட்டு, மறுபடி பளு தூக்கி, அது ரொம்ப மோசமான பிறகுதான் வாயைத் திறப்பாங்க.

தாத்தாக்களும் கஷ்டப்படறாங்க, இல்லைன்னு சொல்லல. ஆனா டீக்கடை வரைக்கும் போய்ட்டு வர்ற சுதந்திரம் தாத்தாவுக்கு இருக்கு.

இங்க ஒரு அவசர விஷயம். சண்டையை நிறுத்திட்டு இதைக் கேளுங்க. தாத்தா பாட்டி இருக்கிற வீட்ல மாத்திரை இருக்கும். கைக்கு எட்டற மாதிரி, டிவி மேலயோ தலகாணி அடியிலயோ இருக்கும். சுகருக்குப் போடற கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு மாதிரி மாத்திரையோ, பிரஷருக்குப் போடற அம்லோடிபினோ, ஒண்ணு ரெண்டு உள்ள போனாலே சின்னக் குழந்தை உயிருக்கு ஆபத்து. சுகர் மாத்திரையில ஒரு சூட்சுமம், முழுங்கின குழந்தை பல மணி நேரம் நல்லா விளையாடிக்கிட்டு இருக்கும், அப்புறம்தான் சுகர் விழும். "நல்லாத்தானே இருக்கு"ன்னு வீட்ல வச்சுக்காதீங்க. வாந்தி எடுக்க வைக்காதீங்க. மாத்திரை அட்டையைக் கையில எடுத்துக்கிட்டு உடனே ஆஸ்பத்திரி, 108-ஐக் கூப்பிடுங்க. ஆத்தூர்லேர்ந்து சேலம் பெரியாஸ்பத்திரிக்கு ஐம்பது கிலோமீட்டர் சொச்சம், யோசிச்சுக்கிட்டு இருக்க நேரமில்லை. இதுக்கும் பாட்டியைத்தான் திட்டுவீங்க, தெரியும். பாதிப் பார்வையும் அரைத் தூக்கமுமா இருக்கிற ஆளை ரெண்டு குழந்தைக்குக் காவல் போட்டது யாருங்கறதையும் சேத்துக் கேளுங்க.

அப்புறம் போன். குழந்தைக்குப் போனைக் கொடுத்துப் பழக்கினது பாட்டிதான்னு எல்லா வீட்லயும் புகார். ரெண்டு வயசு ஆகாத குழந்தைக்குத் திரையே வேண்டாம், ரெண்டுலேர்ந்து நாலு வரைக்கும் ஒரு மணி நேரம் தாண்டக் கூடாதுன்னு உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னதை நானும் தினம் சொல்றேன். ஆனா முட்டி தேஞ்ச மனுஷி ஓடிப் பிடிக்க முடியாத குழந்தையை ஒரு இடத்துல உக்கார வைக்க அவங்க கையில வேற என்ன இருக்கு?

எங்க பக்கம் பாட்டியை ஆயான்னு கூப்பிடுவோம். அம்மாயின்னும் சொல்வோம். டவுன்ல சம்பளத்துக்குக் குழந்தை பாத்துக்கிற அம்மாவுக்கும் ஆயான்னுதான் பேர். அந்த ஆயாவுக்குச் சம்பளம் உண்டு, ஞாயித்துக்கிழமை உண்டு, பொங்கலுக்குப் புடவை உண்டு, பிடிக்கலைன்னா நின்னுக்கவும் உரிமை உண்டு. வீட்டு ஆயாவுக்கு இதுல ஒண்ணு சொல்லுங்க. ஒரு பகல் முழுக்கக் குழந்தை பாக்க ஆள் வேணும்னா மாசம் என்ன கேப்பாங்கன்னு விசாரிச்சுப் பாருங்க. அப்புறம் அரசு முதியோர் உதவித்தொகை எவ்வளவுன்னு பாருங்க: 1200 ரூபாய், அதுவும் கிடைக்கிறவங்களுக்கு.

இந்த இடத்துல ஒரு கூட்டம் ஓடி வரும், தெரியும். "அதுக்குத்தான் பொம்பளைங்க வேலைக்குப் போகக் கூடாதுங்கிறது." நான் அதைச் சொல்லவே இல்ல. அந்த மருமக ஆசைக்கா பஸ் ஏறிப் போறா? அவ சம்பளம் இல்லைன்னா குழு லோன் தவணை நிக்கும், இதே பாட்டியோட மாத்திரையும் நிக்கும். இன்னைக்கு மருமக செய்யற வேலையை அன்னைக்கு இந்தப் பாட்டியும் செஞ்சவங்கதான். மரவள்ளித் தோல் சீவி, களை எடுத்து, தறி ஓட்டி ஓஞ்ச உடம்பு அது. ஓய்வு வரவேண்டிய வயசுல ரெண்டாவது ஷிப்டு. எனக்குக் கோபம் மருமக மேல இல்ல. வீட்ல இருக்கிற நாள்லகூட குழந்தைக்குக் கால் கழுவத் தெரியாத மகன் மேல. குழந்தைகளை யார் பாக்கறாங்கன்னு ஒரு தடவைகூடக் கேக்காம ஆள் எடுக்கிற முதலாளிகள் மேல.

சட்டம் இல்லாமயும் இல்ல. இத்தனை பெண்களுக்கு மேல வேலை செஞ்சா தொழிற்சாலையில குழந்தைகள் காப்பகம் வேணும்னு 1948 தொழிற்சாலைச் சட்டமே எழுதி வச்சது. 2017-ல் மகப்பேறு சட்டத்தைத் திருத்தி, 50 பேர் இருந்தா காப்பகம் கட்டாயம், தாய் ஒரு நாளைக்கு நாலு தடவை போய்க் குழந்தையைப் பாத்துக்கலாம்னாங்க. நூறு நாள் வேலைச் சட்டத்துலயே ஆறு வயசுக்குக் கீழ அஞ்சு குழந்தைங்க வந்தா அதுங்களைப் பாத்துக்க ஒரு பெண்ணைக் கூலி கொடுத்து நிறுத்தணும்னு இருந்துச்சு. நீங்க அப்படி நிறுத்தி வச்சுப் பாத்திருக்கீங்களா? ஆளெண்ணிக்கை குறைஞ்ச பட்டறை, கடை, தறிக்கூடம் எல்லாம் இந்தச் சட்டத்துக்கே வெளியே. எங்க ஊர்ல பாதிப் பெண்கள் வேலை செய்யறது அங்கதான்.

அங்கன்வாடி இருக்கேன்னு கேப்பீங்க. 1975-ல் ஆரம்பிச்ச திட்டம், தமிழ்நாட்டுல 54,000-க்கும் மேல மையங்கள். நான் அதைக் குறை சொல்லல, அந்தப் பணியாளர்களை நம்பித்தான் எங்க ஊர்க் குழந்தைகள் முட்டை சாப்பிடுது. ஆனா சாயங்காலம் நாலு மணிக்குள்ள மூடிடும். ஒன்றரை வயசுக் குழந்தையைப் பகல் முழுக்க வச்சுப் பாத்துக்க அது கட்டப்படவும் இல்ல. ஆறு மாசத்துலேர்ந்து ரெண்டு வயசு வரைக்கும் அரசாங்கத்தோட குழந்தைப் பராமரிப்புத் திட்டத்தின் பேர் பாட்டி.

முடியாத காரியமும் இல்ல. பக்கத்துல கர்நாடகாவுல 'கூசின மனெ'ன்னு, அதாவது குழந்தை வீடு, ஊராட்சிகள்ல காப்பகம் தொடங்கினாங்க. மூணு வயசு வரைக்குமான குழந்தைகளுக்கு, 4,000 ஊராட்சிகள்னு இலக்கு. ஸ்வீடன்ல 2024 ஜூலையிலேர்ந்து பெற்றோர் தங்களுக்கான சம்பளத்தோட கூடிய விடுப்புல ஒரு பகுதியைத் தாத்தா பாட்டிக்கு மாத்திக் கொடுக்கலாம். பாட்டி செய்யறது வேலைன்னு ஒரு அரசாங்கம் ஒத்துக்கிட்டுக் காசு கொடுக்குது பாருங்க.

"எங்கம்மா சந்தோஷமாத்தான் செய்யறாங்க, பேரனை விட்டா அவங்களுக்கு உலகமே இல்ல"ன்னு கீழே எழுதப் போறவங்களுக்கு: இருக்கலாம். நிறைய பேர் உண்மையிலேயே சந்தோஷமா இருக்காங்க, பேரன் தோள்ல சாஞ்சு தூங்கறப்போ அந்த முகத்துல வர்ற வெளிச்சம் எனக்கும் தெரியும். சந்தோஷமா இருக்கிறவங்களுக்கும் முட்டி தேயும். ஒண்ணு பண்ணுங்க. "அம்மா, வர்ற ஞாயித்துக்கிழமை குழந்தைங்களை நான் பாத்துக்கறேன், நீ எங்கயாவது போய்ட்டு வா"ன்னு சொல்லிப் பாருங்க. முதல்ல நம்ப மாட்டாங்க. அப்புறம் தங்கச்சி வீட்டுக்குப் போறாங்களா, தூங்கறாங்களா, இல்ல ஆறு மாசமா தள்ளிப்போட்ட கண் ஆஸ்பத்திரிக்குப் போறாங்களான்னு பாருங்க.

வாரத்துல ஒரு முழு நாள். மதியம் தனக்குன்னு தட்டு போட்டு ஒரு சாப்பாடு. மூணு மாசத்துக்கு ஒரு தடவை சுகர், பிரஷர், கண்ணு, கால் பரிசோதனை, அன்னைக்குக் குழந்தை அப்பாகிட்ட. மாத்திரை டப்பா பூட்டுப் போட்ட அலமாரியில. இது வீட்டுக்குள்ள நீங்களே செய்யக்கூடியது, இதுக்கு எந்தச் சட்டமும் வேண்டாம்.

வெளியில செய்ய வேண்டியது ஒண்ணு. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1, வருஷத்துக்கு ஆறு கிராம சபை. தெருவிளக்கு, சாக்கடை, தண்ணி எல்லாம் பேசறோம். அடுத்த கூட்டத்துல எங்க ஊருக்கு மூணு வயசுக்குக் கீழ இருக்கிற குழந்தைகளுக்குக் காப்பகம் வேணும், காலை எட்டுலேர்ந்து சாயங்காலம் ஆறு வரைக்கும்னு ஒரு தீர்மானம் எழுதச் சொல்லுங்க. கையெழுத்துப் போட பாட்டிகளைக் கூட்டிட்டுப் போங்க. அந்த ஒரு மணி நேரம் குழந்தையை நீங்க வச்சுக்குங்க.