ஒளியில் தெரிந்த சுரம்



நம் இல்லத்தில் மாலைதோறும் வீணை ஒலிக்கும். பயில்பவள் நம் மகள், வயது ஒன்பது. அருகே அமர்ந்திருப்பவர் நம் அன்னையார். இளமையில் பலருக்கு இசை கற்பித்தவர். நான்கு ஆண்டுகளாகச் செவிப்புலன் குன்றியமையால், பேத்தியின் விரல்களை மட்டுமே நோக்கியிருப்பார். எதிர்வீட்டில் பொறியியல் பயிலும் கன்னட மாணவர் இதனைக் கண்டு, "அஜ்ஜிக்குச் சுரங்களைக் கண்ணால் காட்டுவோம்" என்றார்.

இருவரும் எஸ்.பி. ரோட்டிற்குச் சென்று ஓர் ஒலிவாங்கியும், சிறு கணிப்பொறிச் சில்லும், பன்னிரண்டு எல்.இ.டி. விளக்குகளும் வாங்கி வந்தோம். சுரத்தானம் ஒவ்வொன்றிற்கும் ஒரு விளக்கு. எந்த ஓசையும் பல அதிர்வுகளின் கலவையே. அதனைப் பிரித்தறியும் கணிதம் பிரெஞ்சு அறிஞர் பூரியே 1822-இல் வெளியிட்ட நூலிலிருந்து வளர்ந்தது. அக்கணக்கைச் சில்லு நொடிப்பொழுதில் செய்துவிடுகிறது. ஷட்ஜம் நொடிக்கு 160 அதிர்வு எனில் பஞ்சமம் 240. மேல் ஷட்ஜம் 320.

முதல் நாள் ஷட்ஜத்தை மீட்டியதும் மூன்று விளக்குகள் எரிந்தன! ஷட்ஜம் பிரகாசமாகவும், பஞ்சமமும் அந்தர காந்தாரமும் மங்கலாகவும் ஒளிர்ந்தன. இணைப்பில் பிழை என்றெண்ணி இருமுறை பிரித்துப் பூட்டினோம். பிழை ஏதுமில்லை. ஒரே தந்தி 160-உடன் அதன் மும்மடங்கான 480-ஐயும், ஐம்மடங்கான 800-ஐயும் எழுப்புகிறது. முன்னது மேல்நிலைப் பஞ்சமம். பின்னது அந்தர காந்தாரம். மேல்நாட்டார் பியானோவில் மூன்று விரல்களால் ஒருங்கே எழுப்பும் சுரக்கூட்டு, நம் வீணையின் ஒற்றைத் தந்தியினுள்ளேயே உறைகின்றது.

ஓசையைக் கண்ணால் காணும் முயற்சி இந்நகருக்குப் புதிதன்று. திருச்சிராப்பள்ளியில் பிறந்து, 1933-இல் இங்கு இந்திய அறிவியற் கழகத்தின் இயக்குநராக வந்த சர் சி. வி. இராமன், மிருதங்கத் தோலின்மீது மென்மணலைத் தூவி ஆராய்ந்தார். அதிராத கோடுகளில் மணல் ஒதுங்கிற்று. நடுவிலுள்ள கரணையால், ஒன்பது வகை அதிர்வுகள் ஐந்தே இன்னோசைகளாக இணைகின்றன என்று அவர் விளக்கினார்.

நம் பலகைக்குக் குறையும் உண்டு. கமகத்தின் நெளிவு அதில் தெரியாது. ஒளி ஒரு விளக்கினின்று மற்றொன்றிற்குத் தாவுவதாகவே தோன்றும்.

ஆயினும் சென்ற வெள்ளியன்று, மாயாமாளவகௌளையில் சரளி வரிசை நடந்துகொண்டிருந்தது. சுத்த ரிஷபம் ஒளிர வேண்டிய இடத்தில் சதுஸ்ருதி ரிஷபம் ஒளிர்ந்தது. அன்னையார் சட்டென்று கைநீட்டி, "ரி தப்பு கண்ணு, மறுபடி வாசி" என்றார். நான்கு ஆண்டுகளில் அவர் திருத்திய முதற்பிழை அது. மகள் மகிழ்ச்சியுடன் மீண்டும் தொடங்கினாள். நமக்கோ கண்கள் கலங்கின.

விளக்குகள் செவிக்கு ஈடாகமாட்டா. மருத்துவரை நாடுவதை எவரும் கைவிடலாகாது. எனினும் முதியோரைப் பிள்ளைகளின் பயிற்சியில் மீண்டும் பங்குகொள்ளச் செய்ய வழியுண்டெனில், அதனை விடுவானேன்? விரும்பும் அன்பர்கள் ஞாயிறு மாலை நம் இல்லம் வரலாம். செய்முறையைக் காட்ட அம்மாணவர் மனமுவந்து இசைந்துள்ளார்.